மாதர் ஞாயிறுக்கு முன்

கிளீவ்லண்ட், ஓஹையோ
11 மார்ச் 1986

ரோவீனா,

நான் வாய் மூடி இருந்தது போதும். மூன்று வருஷம். அம்மாவை அடக்கம் செய்த அன்று, பெற்ற மகன் நான் நாலு வார்த்தை பேச எழுந்தபோது பாஸ்டர் ஸ்டிரிக்லண்ட் கையை உயர்த்தினார். "சபையை விட்டுப் போனவங்களுக்கு இந்தப் பீடத்துல இடம் இல்ல தம்பி, உட்காரு" என்றார். நீ முன்வரிசையில் இருந்தாய். வெள்ளைக் கையுறை போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாய். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். அதை நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

சித்தப்பா மகன் வார்டெல் வேலை தேடி இங்கே வந்திருக்கிறான். என் சமையலறையில் உட்கார்ந்து கோழி தின்றுகொண்டே சொன்னான்: "நம்ம ரோவீனா மேல பரிசுத்த ஆவி இறங்கிடுச்சு அண்ணே, தெரியாதா? பிரசங்கத்துக்கு நடுவுல தடால்னு விழுந்தா பாரு! ஆராதனை முடியற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல. ஹாட்டி அக்கா துணியைப் போர்த்திட்டு விசிறிக்கிட்டே இருந்தாங்க. பாஸ்டருக்குக் கால் தரையில நிக்கல."

அவன் சிரித்தான். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன்.

உனக்கு நாற்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் இருக்கிறாய். அங்கே நர்ஸ் சங்கத்துக்குத் தலைவி; மருத்துவம் படித்தவர்கள் அல்ல, ஆராதனையில் உதவுகிற வெள்ளை உடுப்புக்காரிகள். மற்றவர்கள் ஆவியில் விழும்போது, பாவாடை விலகாமல் வெள்ளைத் துணி போர்த்துகிறவள் நீ. அவர்களுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துகிறவளும், சவப்பெட்டிக் கடைக்காரன் விளம்பரம் அச்சடித்த அட்டை விசிறியால் வீசுகிறவளும் நீதான். இத்தனை வருஷத்தில் நீ ஒரு நாள்கூட ஆடியதில்லை. அல்லேலூயாவையே உதட்டுக்குள்தான் சொல்வாய். ஆவி இறங்கினவள் குதிப்பாள், கத்துவாள், அழுவாள். நீ ஒரு சத்தமும் இல்லாமல் அரிசி மூட்டை மாதிரி விழுந்தாயாம்.

அது ஆவி இல்லை, மயக்கம். உங்கள் நர்ஸ் சங்கத்தில் தொப்பி வைத்த ஒருத்திக்குக்கூட நாடி பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவன். எனக்குத் தோன்றுகிறது.

டாக்டரைப் பார்த்தாயா இல்லையா? அதை மட்டும் எழுது.

எல்வுட்

---

ஓக்கல்டன், ஜார்ஜியா
19 மார்ச்

அண்ணே,

மூணு வருஷம் கழிச்சு ஒரு கடுதாசி, அதுலயும் பாதி பாஸ்டருக்குத் திட்டு. நீ நல்லாத்தான் இருக்கே, சந்தோஷம்.

வார்டெலுக்குக் கோழி போட்டா கதை வரும், இன்னொரு துண்டு போட்டா இன்னும் பெரிய கதை வரும். அவனை நம்பி எழுத உக்காந்துட்டியே.

ஆனா நீ சொன்னது சரி. அது ஆவி இல்ல. உன்கிட்ட மட்டும் சொல்றேன். இங்க யார்கிட்டயும் சொல்ல முடியாது.

நின்னுக்கிட்டு இருந்தேன். காது ரெண்டும் அடைச்சுது, பாஸ்டர் வாய் மட்டும் அசையுது. அடுத்த நொடி தரையில கிடக்கேன். எல்லாம் கேக்குது அண்ணே, ஆனா விரலைத் தூக்க முடியல. யாரோ "தண்ணி கொண்டாங்க"ன்னாங்க. சங்கத்து ஹாட்டி விடல. "தொடாதீங்கடி! ஆண்டவர் அவகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. நாப்பது வருஷமா இந்தப் பொம்பளை பிடிவாதமா நின்னா, இன்னைக்குத்தான் மனசு உடைஞ்சிருக்கு"ன்னா. ஹாட்டி அழுதுக்கிட்டே விசிறினா. நான் எத்தனை பேருக்கு அந்தத் துணியைப் போர்த்தியிருப்பேன்! உள்ள இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நான் கண்ணைத் திறந்தப்ப சபையே கை தட்டுது. "பாருங்க, நம்ம நர்ஸம்மாவையே கர்த்தர் சாய்ச்சுட்டாரு"ன்னு பாஸ்டர் சொல்றாரு. அந்த நேரத்துல எழுந்து "இல்லய்யா, எனக்குத் தலை சுத்துச்சு"ன்னு சொல்லச் சொல்றியா?

இன்னொண்ணும் சொல்றேன், சிரிக்காதே. கீழ கிடந்த நேரம் பூரா யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல. நான் வேலை பாக்கற ஸ்கூல் சமையல்கட்டுச் சாவி எங்கன்னு கேக்கல, அங்கி தச்சாச்சான்னு கேக்கல, யாருக்குப் பிரசவம், யாருக்குச் சாவு, யார் வீட்டுக்குச் சோறு போகணும்னு கேக்கல. அவ்வளவு நிம்மதியா நான் படுத்து எத்தனையோ வருஷமாச்சு. எழுந்திரிக்கணுமேன்னுதான் அழுகை வந்துச்சு. எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சாங்க.

உடம்புக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க சமாச்சாரம், இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி. சோறு இறங்கல. ஐஸ் கட்டியும், திங்கறதுக்குன்னே கடையில பொட்டலம் போட்டு விக்கிற வெள்ளை மண்ணும்தான் வாய்க்குப் பிடிக்குது. அம்மா மாதிரியே ஆயிட்டேன் போல.

ஏப்ரல் கடைசியில மாதர் ஞாயிறு. நூறு பொம்பளைங்க வெள்ளை உடுத்தி ஊர்வலமா உள்ள வரணும், முன்னால நான் நடக்கணும். அது முடியட்டும், டாக்டரைப் பாத்துக்கலாம்.

ரோவீனா

---

கிளீவ்லண்ட்
26 மார்ச்

ரோவீனா,

நீ எழுதியதை வகுப்பில் ஒரு மாணவனிடம் கொடுத்திருந்தால் அவனே விடை சொல்லியிருப்பான். உதிரம் நிற்காமல் போகிறது, ஐஸ் கடிக்கத் தோன்றுகிறது, மண் தின்னத் தோன்றுகிறது, நின்ற இடத்தில் விழுகிறாய். உன் உடம்பில் ரத்தம் இல்லை. நீ தின்கிற வெள்ளை மண் இருக்கிற கொஞ்ச இரும்புச் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்தப் பொட்டலங்களைக் குப்பையில் போடு.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். ஈறுகளையும் உள்ளங்கையையும் பார். நம் கறுப்புத் தோலில் வெளுப்பு தெரியாது. வெள்ளைக்காரி வெளுத்தால் ஊரே பதறும். நாம் செத்துக்கொண்டிருந்தாலும் "நல்லாத்தானே இருக்கே" என்பார்கள்.

மாதர் ஞாயிறு முடியட்டும் என்கிறாய். அம்மாவும் இப்படித்தான் சொன்னாள். ஈஸ்டர் முடியட்டும், அறுப்பு முடியட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும். கடைசியில் அடுப்பு முன்னால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தாள். நீ என்ன செய்தாய்? பாஸ்டரைக் கூப்பிட்டாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணி முடித்திருந்தீர்கள். அம்மாவை நீ ஜெபத்திலேயே கிடத்திச் சாகவிட்டாய். எழுதக் கூடாது என்று மூன்று வருஷம் அடக்கிவைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தைக்குத் தெரியும், ஆள் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. உனக்கு எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வந்து கூட இருக்கிறேன், பாஸ்டரின் முகத்தைப் பார்க்க நேர்ந்தாலும் சரி.

எல்வுட்

---

ஓக்கல்டன்
4 ஏப்ரல்

அண்ணே,

உன் கடுதாசியை ரெண்டு நாள் தொடாம வச்சிருந்தேன். கிழிச்சுப் போடணும்னுதான் எடுத்தேன். அப்புறம் தோணிச்சு, உனக்குத் தெரியாதே, தெரிஞ்சா இப்படி எழுதுவியான்னு.

நீ சித்தப்பாவோட கிளீவ்லண்டுல இருந்த கோடை ஞாபகம் இருக்கா? உனக்குப் பதினாலு, எனக்கு எட்டு. அம்மா வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. "குடல்வாலை எடுத்தாங்க"ன்னு உனக்கு எழுதினாங்க. குடல்வால் இல்ல அண்ணே. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. முப்பத்தோரு வயசு அம்மாவுக்கு. மறு மாசம் தீட்டு வரலையேன்னு கேக்கப் போனப்பத்தான் அந்த டாக்டர் சொன்னானாம், "ரெண்டு இருக்கே, உங்க ஆளுங்களுக்கு அது போதாதா?"ன்னு.

புண்ணுக்குத் துணி மாத்தினது நான். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. "அவரு போய்ச் சண்டை போடுவாரு, வெள்ளைக்காரங்க அவரைச் சுட்டுக் கொன்னுடுவாங்க, வாயைத் திறக்காதே"ன்னு சத்தியம் வாங்கினாங்க. எட்டு வயசுல.

அம்மா விழுந்தப்ப நான் பாஸ்டரைக் கூப்பிட்டேன்னு எழுதியிருக்கே. ஒரு பக்கம் வாய் கோணி, பேச்சு வராம, நல்லா இருந்த ஒரே கையால அடுப்புக் காலைப் பிடிச்சுக்கிட்டு விடல அம்மா. ஆம்புலன்ஸ்னு சொன்னதும் என்னைப் பாத்த பார்வை நீ பாக்கல. நான்தான் பாத்தேன். அடக்கத்தன்னைக்குத் தரையைப் பாத்தேன்னு சொல்றியே, வேற எங்க பாக்கறதுன்னு எனக்குத் தெரியல.

இப்ப என் விஷயம். டாக்டரைப் பாத்தாச்சு, பிப்ரவரியிலயே. கட்டிகள் இருக்காம். ரத்தம் பாதிகூட இல்லையாம், உடனே வந்து படுக்கணுமாம். "எல்லாத்தையும் எடுத்துடலாம், இந்த வயசுல உனக்கு அது எதுக்கு?"ன்னாரு, பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே. அதே ஆஸ்பத்திரி அண்ணே, அதே தாழ்வாரம். சுவர் மட்டும் புதுப் பச்சை. எழுந்து வந்துட்டேன். எனக்குப் பிள்ளை இல்ல, இனிமே பிறக்கப் போறதும் இல்ல, தெரியும். ஆனாலும் என்னைப் படுக்கவச்சு, மயக்கம் குடுத்து, அவங்க இஷ்டத்துக்குக் காலி பண்ண விடமாட்டேன்.

இங்க டெல்ஃபின்னு ஒருத்தி வந்திருக்கா, ஹிக்ஸ் வாத்தியார் மக. நிஜ நர்ஸ், அட்லாண்டாவுல படிச்சவ. சனிக்கிழமை காலையில பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆத்தோரமா நடக்கறா. அப்புறம் லைப்ரரி பின்கட்டுல வட்டமா உக்காரவச்சு, "உங்களை எது நோகடிக்குதுன்னு சொல்லுங்க, யாரும் பதில் சொல்ல மாட்டோம், கேட்டுக்கிட்டு மட்டும் இருப்போம்"ங்கறா. போன வாரம் போனேன், ஊர்வலத்துக்கு அங்கி அளவு எடுக்கற சாக்குல. டாக்வுட் மரமெல்லாம் பூத்து ஆத்தங்கரையே வெள்ளையா இருந்துச்சு. எனக்கு ரெண்டு மரத்துக்கு ஒரு மரம் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்க முடிஞ்சுது. உள்ள உக்காந்ததும், பேங்க்ல வேலை பாக்கற பொண்ணு, அவ்வளவு பகட்டா இருப்பா, "எனக்குக் காலையில கண்ணு முழிக்கவே பயமா இருக்கு"ன்னு சொல்லி அழுதா. எனக்கும் அதேதான். பல்லு விளக்கறதுக்குக் கட்டில்ல உக்காந்து மனசைத் தயார் பண்ண வேண்டியிருக்கு. ஆனா என் முறை வந்தப்ப, "எனக்கு ஒண்ணும் இல்ல, அடுத்தவங்க சொல்லுங்க"ன்னேன். டெல்ஃபின் என் உள்ளங்கையையே பாத்துக்கிட்டு இருந்தா. கையை மடக்கிக்கிட்டேன்.

நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஹாட்டிக்குத் தெரிஞ்சா மறுநாள் ஊருக்கே தெரியும். அம்மா மேல சத்தியம் பண்ணு.

ரோவீனா

---

கிளீவ்லண்ட்
10 ஏப்ரல்

ரோவீனா,

சத்தியம். அம்மா மேல் ஆணை, யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அம்மா எனக்குக் கடிதம் எழுதுவாள், கடைசி வரைக்கும். வயிறு எப்படி என்று ஒரு தடவை கேட்டிருந்தேன். "நல்லா ஆறிடுச்சு" என்று எழுதியிருந்தாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று எப்போதும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் அந்த டாக்டரின் பெயர்கூடத் தெரியவில்லை. அவன் செத்திருப்பான், நிம்மதியாக.

நான் சொல்வதைக் கேள். ஆபரேஷன் வேறு, ரத்தம் ஏற்றுவது வேறு. முதலில் ரத்தம் மட்டும் ஏற்றச் சொல். "வேறு எதையும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது" என்று உன் கையாலேயே எழுதிக் கொடு. கட்டிக்கு அட்லாண்டாவில் வேறு டாக்டரைப் பார்க்கலாம். கட்டியை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவைக்கிறவர்களும் உண்டு. உன் உடம்பு, நீதான் முடிவு செய்ய வேண்டும். அந்த டெல்ஃபினை நம்பு. உள்ளங்கையைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு மீதியும் தெரியும்.

ஒரே ஒரு விஷயம், காலில் விழுந்து கேட்கிறேன். மாதர் ஞாயிறுக்கு முன்னால் மூன்று நாள் உபவாசம் இருப்பீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் மட்டும். இந்த உடம்போடு நீ அதைச் செய்தால் ஊர்வலத்தில் நடக்க மாட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

உபவாசம் வேண்டாம். அதை மட்டும் எழுதி அனுப்பு.

அண்ணன்

---

ஓக்கல்டன்
17 ஏப்ரல்

அண்ணே,

நேத்து ஒத்திகையில மறுபடியும் விழுந்தேன். நடைபாதை நடுவுல. "மறுபடியும் தொட்டுட்டாரு!"ன்னு ஹாட்டி கத்தினா. சுத்தி நின்னு பாட ஆரம்பிச்சுட்டாங்க. சின்னப் பொண்ணு ஒருத்தி என் கையைப் பிடிச்சு, "சில்லுனு இருக்கே"ன்னா. "அபிஷேகம் அப்படித்தான்டி இருக்கும்"னு சொல்லிட்டாங்க.

இந்தத் தடவை ஒண்ணு கவனிச்சேன். போன தடவை எழுந்திரிக்கணுமேன்னு அழுகை வந்துச்சு. இப்ப அழுகையும் வரல. எழுந்திரிக்காட்டி என்னன்னு இருந்துச்சு. பயமே இல்ல. அந்தத் துணிக்கு உள்ள வெளிச்சம் வெள்ளையா, சத்தம் எல்லாம் தூரமா. இப்படியே விட்டுட்டாங்கன்னா நல்லா இருக்கும்னு தோணிச்சு.

சாகணும்னு சொல்லல. ஓய்வா இருக்கணும்னு சொல்றேன். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் இப்ப சரியாத் தெரியல.

டெல்ஃபின் வீட்டுக்கு வந்தா. கதவைத் திறக்கல. "சிஸ்டர் ரோவீனா, பேச வேண்டாம், சும்மா உக்காந்திருக்கேன்"னு வராந்தாவுல உக்காந்திருந்தா. பைன் மரத்துப் பூவோட மஞ்சத்தூள் நாற்காலி பூரா படிஞ்சு கிடந்துச்சு, அதைக்கூடத் தட்டல. ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து போனா.

அடுத்த வியாழக்கிழமை உபவாசம் ஆரம்பிக்குது. நான் இருப்பேன். தலைவி சாப்பிட்டுட்டு வந்து முன்னால நடந்தா அந்த நூறு பேர் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்? ரத்தம் கசியாம வெள்ளை உடுப்புக்கு உள்ள ரெண்டு துண்டு வச்சுக் கட்டிக்குவேன், யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாள். அப்புறம் என்ன நடந்தாலும் சரி.

இனிமே எழுதாதே. நீ எழுதினா பிரிக்க மாட்டேன். நீ சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கு, அதான் படிக்க முடியல. கிளம்பியும் வராதே. நீ பஸ்ஸை விட்டு இறங்கினா பாஸ்டரோட சண்டை போட வந்ததாத்தான் எல்லாரும் நினைப்பாங்க. அப்ப நான் வீம்புக்காவது நடந்துதான் தீருவேன், உனக்கு என்னைத் தெரியும்.

உன் சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்.

ரோவீனா

---

கிளீவ்லண்ட்
21 ஏப்ரல், திங்கள்

ரோவீனா,

நீ இதைப் பிரிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். பிற்பாடு பிரிப்பாய்.

உன் கடிதம் காலையில் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. உனக்கு ஃபோன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹாட்டிக்குச் செய்தேன். "யாரு? எல்வுடா? பாஸ்டரைப் பத்தின பேச்சுன்னா மாதர் ஞாயிறு முடியட்டும் தம்பி, இப்ப எங்களுக்கு ஜெப நேரம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்தாள். அவள்மேல் தப்பில்லை. அடக்கத்தன்று சபை வாசலில் நின்று அவர்கள் எல்லாரையும் பார்த்து, "தொப்பி வச்ச முட்டாள்களா" என்று கத்தினவன் நான். என் பேரைக் கேட்டாலே அவர்களுக்குக் காது மூடிக்கொள்ளும்.

டெல்ஃபினின் விலாசம் என்னிடம் இல்லை. இருந்தாலும் நீ அவளுக்குக் கதவைத் திறக்க மாட்டாய். ஹாட்டியிடம் உன் வீட்டுச் சாவி இருக்கிறது. நீ விழும்போது பக்கத்தில் நிற்கிறவளும் அவள்தான். அதனால் ஹாட்டிக்கு எழுதிவிட்டேன். எழுதியதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இதுதான்:

"சிஸ்டர் ஹாட்டி அவர்களுக்கு. சிஸ்டர் ரோவீனா விழுந்தது ஆவியினால் அல்ல. அவர் உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை. டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார், அவர் உங்களிடம் மறைத்துவிட்டார். நம்பாவிட்டால் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். பிறகு உங்களுடையதைப் பாருங்கள். உபவாசம் இருக்க விடாதீர்கள். இனி விழுந்தால் துணியைப் போர்த்தாதீர்கள், பாடாதீர்கள். ஹிக்ஸ் ஆசிரியர் மகள் டெல்ஃபினைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அங்கே அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் வயதானவர்களுக்கு அந்தக் காரணம் நான் சொல்லாமலே தெரியும். சங்கத்தார் அத்தனை பேரும் வெள்ளை உடுப்போடு போய்க் கட்டிலைச் சுற்றி நில்லுங்கள். அவர் சம்மதம் என்று தன் வாயால் சொல்லாத எதையும் யாரும் செய்ய விடாதீர்கள். மனசும் களைத்துப்போயிருக்கிறது. எழுந்திரு, நட, முன்னால் நில் என்று கொஞ்ச காலத்துக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

அம்மாவுக்கு நடந்ததை எழுதவில்லை. அது உன்னுடையது.

சத்தியத்தை மீறிவிட்டேன், அதுவும் அம்மா மேல் செய்தது. உனக்கு அவமானமாக இருக்கும். உன் இமையை இழுத்துப் பார்க்க ஹாட்டி வருவாள், நீ அவள் கையைத் தட்டிவிடுவாய், ஊர் முழுக்கப் பேசுவார்கள். இது என் வேலை என்று உடனே கண்டுபிடிப்பாய். அதன் பிறகு என்னோடு பேச மாட்டாய். பேச வேண்டாம். மூன்று வருஷம் பேசாமல் இருந்து பழகினவர்கள்தானே நாம். முப்பது வருஷம் என்னோடு பேசாமல் இரு, ரோவீனா. உயிரோடு இருந்து பேசாமல் இரு.

ஹாட்டிக்கு எழுதியதன் அடியில் பெயர் போடத்தான் பேனாவை எடுத்தேன். வாழ்க்கையில் நான் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் முழுப் பெயரைப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியருக்கு, கல்வி அலுவலகத்துக்கு, பத்திரிகைக்கு, உன் பாஸ்டருக்கு. மொட்டைக் கடுதாசி கோழையின் வேலை என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கீழே எல்வுட் என்று இருந்தால் அதில் அவர்கள் என் பகையைத்தான் படிப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் ஒருவேளை உன்னைப் படிப்பார்கள்.

வியாழனுக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் மத்தியானத் தபாலுக்குள் போட வேண்டும். அவளுக்கு எழுதியதில் பெயர் போடவில்லை. உறையிலும் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்; ஊர் முத்திரையை யாரும் பார்க்காமல் இருக்கட்டும். அப்படியே கொண்டுபோய்ப் போடுகிறேன்.